மைக்ரோவேவில் மி கோரெங்: சூப் இல்லாத நூடுல்ஸ்

இந்தோனேசியாவின் இண்டோமி மி கோரெங் நூடுல்ஸை அடுப்பில் பலமுறை சமைத்திருந்தாலும், மைக்ரோவேவில் செய்து பார்த்தது இந்த வாரம்தான். 'கோரெங்' என்றால் இந்தோனேசிய மொழியில் வறுத்தது என்று பொருள். இதில் சூப் கிடையாது, வெந்த நீரை வடித்துவிட்டே மசாலாவைக் கலக்க வேண்டும்.

ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் நூடுல்ஸ் மூழ்கும் அளவு நீர் ஊற்றி, நுரை பொங்கி வழியாதிருக்க மூடாமல் 4 நிமிடம் வைத்தேன். முதல் முறை இடையில் கிளறாததால் நடுப்பகுதி விறைப்பாகவே இருந்தது. அடுத்த முறை 2 நிமிடத்தில் திருப்பிவிட்டதும் சீராக வெந்தது. நீரை முழுதும் வடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது: அடியில் இரண்டு கரண்டி நீர் தங்கினாலும் சாஸும் எண்ணெயும் இழைகளில் ஒட்டாமல் தேங்கி, சுவை நீர்த்துப்போகிறது.

சரியாக வடித்தபோது, கெச்சாப் மானிஸ் எனும் இனிப்பு சோயா சாஸின் கருப்பட்டி போன்ற இனிப்பும், மிளகாயின் காரமும், வறுத்த வெங்காயத்தின் மணமும் ஒவ்வோர் இழையிலும் படிந்திருந்தன. உப்பைக் குறைத்துக்கொள்ள மசாலாப் பொடியில் முக்கால் பங்கை மட்டுமே சேர்த்தேன். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது. மேலே ஒரு பொரித்த முட்டையை வைத்தால் இரவு உணவுக்கு வேறொன்றும் தேவைப்படாது.