பழைய தேக்கு நாற்காலிக்கு பிரெஞ்ச் பாலிஷா, பி.யூ.வா?

பிரெஞ்ச் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு. பி.யூ. என்பது ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து பூசும் பாலியூரிதேன் பூச்சு. முதலில் பழைய பூச்சு எது என்று பாருங்கள். இருக்கையின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். முழுசாகச் சுரண்டத் தேவையில்லை. 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதிலை ஊறவைத்து வடிகட்டி, துணிப்பொதியால் மெல்லிசாக ஆறேழு கை கொடுங்கள். பின்னால் கீறல் விழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு கை போதும். புதுப்பூச்சு பழையதைக் கரைத்து அதோடு சேர்ந்துவிடும். பெரிய அனுகூலமே இதுதான். ஆனால் சூடான டம்ளரும் ஈரமும் இதற்கு ஆகாது. மழைநாளில் பூசினால் காற்றின் ஈரம் சிக்கி வெளுத்துப்போகும்.

பி.யூ. தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு அதுவே சரி. ஆனால் பழைய மெழுகோ எண்ணெயோ மிச்சமிருந்தால் பூச்சு குழிகுழியாக விலகும். 120, 180, 220 உப்புத்தாள் என்று வரிசையாக மரம் தெரியத் தேய்த்து, தின்னரால் துடைத்த பிறகே பூச வேண்டும். ஹார்ட்னரை டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் கலக்காதீர்கள். நாற்காலியின் ஒரு காலில் உரிந்தால் சும்மா ஒட்டுப்போட முடியாது, அந்தக் காலையே முழுசாகத் தேய்க்கணும்.

எதுவானாலும் ஆடும் மூட்டைப் பூச்சுக்கு முன்பே கழற்றி, பழைய பசையைச் சுரண்டி ஒட்டிவிடுங்கள். பாலிஷ் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது.