மவுஸ் பட்டனை மாற்றித் தருகிறேன் என்று 4,720 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்தில் அங்கங்கே வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 4,720 ரூபாய். காரைக்குடி செக்காலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்துக்கொண்டு, ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு டிசைன் கூலி 500, 600 என்று வாங்குகிறவன் நான். அது எத்தனை நாள் உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம் என்னவோ ரொம்பச் சின்னது. மவுஸ்.

22 வருடமாக பேஜ்மேக்கர், கோரல்டிரா என்ற இரண்டு டிசைன் மென்பொருள்கள்தான் என் பிழைப்பு. எங்கள் பக்கத்துப் பத்திரிகை என்றால் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம் என்று மூன்று வரியில் முடிகிற சமாச்சாரமா? ஐயா, அப்பத்தா, ஆயா, அம்மான் வீடு, பங்காளிகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர்கள் வரும். மணிவிழாப் பத்திரிகை என்றால் பேரன் பேத்திகள் வேறு. பழைய பத்திரிகையிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்துப் புதியதில் ஒட்டணும். காப்பி எடுக்க கன்ட்ரோல் சி, ஒட்ட கன்ட்ரோல் வி, தப்பினால் கன்ட்ரோல் இசட். நாள் முழுக்க கன்ட்ரோலை அழுத்தி அழுத்தி இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்துவிட்டது. டாக்டர் "அந்த விரலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அப்போதுதான் கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன் கூடுதலாக உள்ள மவுஸ் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த இரண்டும் பிறந்ததிலிருந்தே பிரவுசரில் முன்னே போக, பின்னே போக என்றுதான் இருக்கும். ஒன்றை காப்பி, இன்னொன்றை பேஸ்ட் ஆக்கிவிட்டால் சுண்டுவிரலுக்கு விடுதலை. ஆனால் விண்டோஸ் செட்டிங்கில் போய்ப் பார்த்தால் இடது வலதை மாற்றலாம், அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், சக்கரம் ஒரு சுழற்றுக்கு எத்தனை வரி நகரணும் என்று சொல்லலாம். பக்கவாட்டு பட்டனைத் தொட வழியே இல்லை. பெரிய கம்பெனி மவுஸ் என்றால் அவர்களே அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருவார்கள், ஆனால் அது அவர்கள் மவுஸுக்கு மட்டும்தான். என்னுடையது பெயர் தெரியாத ரகம். வேறு யாராவது எழுதிய மென்பொருளைத்தான் போடணும்.

தேடினேன். முதலில் வந்தது விளம்பரம். மென்பொருள் லைசென்ஸ் விற்கிற ஒரு இணையக் கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்தப் பெயரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள். "ஆயுள் முழுக்க ஒரே லைசென்ஸ், வீட்டிலிருந்தபடியே நாங்களே செட் செய்து தருகிறோம்" என்று இருந்தது. கீழே உள்ள எண்ணுக்கு ஒரு ஹாய் போட்டேன். இரண்டு நிமிடத்தில் போன் வந்தது.

இங்கேதான் நான் விழுந்தேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேசியது ஒரு பையன். நல்ல தமிழ், நம்ம பக்கத்து இழுவை. "அண்ணே, எந்த ஊரு?" என்றான். காரைக்குடி என்றேன். "அட, எங்க அம்மா பிறந்தது தேவகோட்டைண்ணே. சின்ன வயசுல தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வருவோம்" என்றான். அவ்வளவுதான், எனக்கு மனசு இளகிவிட்டது. பணத்தைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. "முதல்ல வேலை செய்யுதான்னு பாருங்கண்ணே. பிடிச்சா குடுங்க, இல்லன்னா வேணாம்" என்றான். இப்படிச் சொல்கிறவனை எப்படிச் சந்தேகப்படுவது?

தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னான். அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணைப் படித்துக் காட்டினேன். அடுத்த நிமிடம் என் கை மவுஸில் இல்லை, ஆனால் திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. எதையோ திறந்தான், மூடினான். நடுவில் ஆன்டிவைரஸ் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டியது. "அது அப்படித்தாண்ணே கத்தும், கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிக்கிறேன்" என்று அவனே ஆஃப் செய்தான். அப்புறம், "இப்ப கட்டைவிரல் பட்டனை அழுத்துங்கண்ணே" என்றான். ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். அடுத்த பட்டனை அழுத்தினேன். கோரல்டிராவில் அந்தப் பெயர் அப்படியே வந்து உட்கார்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன்.

விலை 4,000, ஜிஎஸ்டி 720, மொத்தம் 4,720. குறைக்கச் சொல்லிக் கேட்க நாக்கு வரவில்லை. யுபிஐ-யில் அனுப்பினேன். "இன்னும் வரலண்ணே, சர்வர் ஸ்லோ. ஒரு ரெக்வெஸ்ட் அனுப்புறேன், அதை மட்டும் அப்ரூவ் பண்ணுங்க. ரெண்டு தடவை போகாது, நான் கேரண்டி" என்றான். வந்தது. பின் நம்பர் போட்டேன். அவன் சொன்னபடியே இரண்டாவது தடவை பணம் போகவில்லை. பரவாயில்லை, நாணயமான பையன் என்று நினைத்தேன் பாருங்கள்! அந்த ரெக்வெஸ்ட் என்ன என்பது எனக்குப் பதினோராவது நாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாளே ஒரு கோளாறு. கோரலில் வேலை செய்யும் பட்டன் பேஜ்மேக்கரில் செய்யவில்லை. போன் போட்டேன். "அது ப்ரோ வெர்ஷன்லதான் வரும் சார்" என்றான். அண்ணே எங்கேயோ போய் சார் வந்துவிட்டது, கவனித்தீர்களா? ப்ரோவுக்கு மாதம் 1,180 என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அந்த வாரமே இன்னொன்று. கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி மணிவிழாப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க வந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தவர்கள் ஓரிடத்தில் நிறுத்தி, "ஏம்பா, எங்க அம்மான் பேரு ரெண்டு தடவை இருக்கே, அவுக என்ன ரெட்டைப் பிறவியா?" என்றார்கள். ஒட்டும் பட்டன் ஒரே அழுத்தலுக்கு இரண்டு தடவை ஒட்டியிருக்கிறது. ஆச்சி கண்ணில் படாமல் அச்சுக்குப் போயிருந்தால் 500 பத்திரிகை என் தலையில் விழுந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் வந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பே போதும். "மாமா, பேஜ்மேக்கரை எப்படித் திறக்கிறீங்க?" என்றான். அது பழைய மென்பொருள், கடைசியாக வந்த 7.0 பதிப்பே 2001-இல் வந்தது. அதனால் நான் எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் திறப்பேன். அதுதான் காரணமாம். மேல் அதிகாரத்தில் ஓடுகிற ஒன்றுக்குள் சாதாரண அதிகாரத்தில் ஓடுகிற மவுஸ் மென்பொருள் எதையும் அனுப்ப முடியாது, விண்டோஸே தடுத்துவிடும். மவுஸ் மென்பொருளையும் அதே மாதிரி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தான். பேஜ்மேக்கரில் பட்டன் வேலை செய்தது. ப்ரோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அம்மான் பெயர் இரண்டு தடவை வந்ததும் அப்படித்தான். பட்டனை அழுத்தியிருக்கும் வரை திரும்பத் திரும்ப அனுப்பு என்று செட் செய்து வைத்திருக்கிறான் அந்தத் தேவகோட்டைக்காரன். ஒரு அழுத்தலுக்கு ஒரு தடவை என்று மாற்றினால் முடிந்தது கதை.

இது கூடப் பரவாயில்லை. அக்கா மகன் தன் லேப்டாப்பைத் திறந்து எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல் என்று ஒன்றைக் காட்டினான். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு பட்டியல், கோரலுக்கு ஒரு அமைப்பு, பிரவுசருக்கு வேறு அமைப்பு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வசதி. நான் 4,720 கொடுத்தது என்னவெல்லாம் செய்யுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. பல வருடமாக இலவசமாகவே கிடைக்கிறதாம். ஆட்டோஹாட்கீ என்று இன்னொன்று, அதுவும் இலவசம், அதில் நோட்பேடில் ஒரே ஒரு வரி எழுதினால் கட்டைவிரல் பட்டன் காப்பி ஆகிவிடுகிறது. "பெரிய திரையில் அம்புக்குறி தொலையாமல் காட்டும் சிறப்பு வசதி" என்று எனக்குப் பெருமையாக விற்றானே, அது விண்டோஸிலேயே இருக்கிறது. மவுஸ் செட்டிங்கில் ஒரு டிக் போட்டால் கன்ட்ரோலைத் தட்டும்போது அம்பைச் சுற்றி வட்டம் வருகிறது. என் கணினியில் முதல் நாளிலிருந்தே இருந்ததை எனக்கே விற்றிருக்கிறான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். 48 மணி நேரம் கழித்து, மேலதிகாரி லீவு. அப்புறம் ஒரு பெண் பேசினார், டிஜிட்டல் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். நான் பொருளையா திருப்பித் தருகிறேன் என்றேன், என் 4,720 ரூபாயைத்தானே கேட்கிறேன்? அந்தப் பையன் எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் நீல டிக் மட்டும் விழுகிறது. கடைசியாக வந்த பதில் "டியர் கஸ்டமர்" என்று தொடங்கியது. அண்ணே, சார், டியர் கஸ்டமர். அதோடு பிளாக்.

பதினோராவது நாள் போனில் ஒரு அறிவிப்பு: நாளைக்கு உங்கள் கணக்கிலிருந்து 1,180 ரூபாய் எடுக்கப்படும். தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு "ரெண்டு தடவை போகாது" என்று அப்ரூவ் பண்ணச் சொன்னானே, அது மாதாமாதம் தானாகப் பணம் எடுக்க நான் கொடுத்த சம்மதம், ஆட்டோபே. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் சொல்லியாக வேண்டும் என்று விதி இருப்பதால் தப்பித்தேன். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்தேன். 1,180 தப்பியது. 4,720 போனது போனதுதான்.

வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். அவன் அனுப்பிய பில்லை நேற்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஊரில் பாதிக் கடைக்கு பில் புக் டிசைன் செய்து கொடுக்கிறவன் நான். ஜிஎஸ்டி எண் என்றால் 15 எழுத்து, தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்த பில்லில் டெல்லிக்கான 07-இல் தொடங்கி 14-வது எழுத்தோடு நின்றுவிட்டது. அது போதாதென்று மத்திய வரி 360, மாநில வரி 360 என்று பிரித்துப் போட்டிருக்கிறான். வேறு மாநிலத்திலிருந்து வந்தால் ஐஜிஎஸ்டி என்று மொத்தமாக 720 அல்லவா போடணும்? வாடிக்கையாளர் பில்லில் ஒரு எழுத்து விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு என் பில் தெரியவில்லை.

வங்கிக்குப் போனேன். "நீங்களேதான் பின் போட்டிருக்கீங்க, நாங்க என்ன சார் பண்ண முடியும்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தேன், மரியாதையாகப் பேசினார்கள், புகார் எண் வந்திருக்கிறது. பணம் போன உடனே அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம் என்றார்கள். நான் அழைத்தது பன்னிரண்டாவது நாள். பில் சம்பந்தமாக நுகர்வோர் உதவி எண் 1915-இலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. அவசரத்துக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மவுஸ் மென்பொருள் உங்கள் ஒவ்வொரு கிளிக்கையும் இடைமறித்துப் பார்க்கிற ஜாதி, அதனால் எழுதியவர்களின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். ஆன்டிவைரஸை அணை என்று எவன் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். முகம் தெரியாதவனுக்கு அந்த ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டீர்களா, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். நான் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், ஒரு பகல் முழுக்க வேலை கெட்டது. பின் போடும் முன் திரையில் ஆட்டோபே என்று இருக்கிறதா என்று படியுங்கள். நம்ம ஊர்ப் பேச்சு பேசினால் இன்னும் இரண்டு தடவை படியுங்கள்.

ஆச்சி திருத்திய ப்ரூஃபை வாங்க வந்துவிட்டார்கள். அந்தப் பையனின் போன் எண்ணும் பில்லும் வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், ராத்திரி கடையை அடைத்ததும் அனுப்புகிறேன்.