வேலூரில் முதுகு பிரேஸ் செய்யக் கொடுப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைக்கு முதுகெலும்பு வளைந்திருக்கிறது, பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் கூடு) போடணும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வேலூரில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். துணிக்கு மேலே இஞ்ச் டேப்பைச் சுற்றி மூன்று அளவு எடுத்துவிட்டு, "உங்க பொண்ணுக்குன்னே தனியா செஞ்சு தர்றோம்" என்று சொல்லி முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடம் அப்படி 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் கூட்டைத் தலையில் கட்டினார்கள். கடைப் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட அவர்கள் செய்கிற முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் இதே மாதிரி செய்கிற கடை அது ஒன்று மட்டும் இல்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

விஷயம் என் அக்கா மகளுடையது. எட்டாவது படிக்கிறாள், வாலாஜாவில் இருக்கிறார்கள். யூனிஃபார்ம் போட்டால் ஒரு தோள் ஏறி நிற்கிறது என்று அக்காதான் முதலில் கவனித்தாள், குனியச் சொல்லிப் பார்த்தபோது வலது பக்கம் விலா எலும்பு மேடாகத் தெரிந்தது. எக்ஸ்ரேயில் வளைவு 31 டிகிரி. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: வளர்கிற வயதில் 25-லிருந்து 40 டிகிரி வரைக்கும் இருந்தால் பிரேஸ் போடுவார்கள், அது வளைவை நிமிர்த்திக் குணப்படுத்துவதற்கு அல்ல, வளர்ச்சி முடிகிற வரை மேலும் ஏறாமல் பிடித்து வைப்பதற்கு, 50-ஐத் தாண்டிவிட்டால் பேச்சு ஆபரேஷன் பக்கம் போய்விடும். ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது போடணும் என்றார். சீட்டின் அடியில், பிரேஸ் போட்ட நிலையிலேயே ஒரு எக்ஸ்ரே எடுத்துக் கொண்டுவந்து காட்டச் சொல்லி எழுதியிருந்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நாங்கள் ஏமாந்ததே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

கடைக்குக் கூட்டிப் போனது ஆட்டோக்காரர். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள் எப்படி இருக்கும் என்று வந்து போனவர்களுக்குத் தெரியும், லாட்ஜ் முதல் மெஸ் வரை வங்காளத்திலும் இந்தியிலும் போர்டு, கொல்கத்தாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருக்கிற குடும்பங்கள். அந்தக் கடை கண்ணாடி அலமாரியில் முட்டி கேப், கழுத்துப் பட்டை, வாக்கர் எல்லாம் அடுக்கியிருந்தது, வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். சுடிதாருக்கு மேலேயே மார்பு, இடுப்பு, அடிவயிறு என்று டேப் வைத்து அளந்தார், எக்ஸ்ரே கவரைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. "கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி பெங்களூர்லருந்து வரும் சார், ஃபுல் பேமென்ட் கட்டினாத்தான் ஆர்டர் போட முடியும்" என்றார். அக்கா கட்டிவிட்டாள்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சேம்பிள் ரூமில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்வது பெருமைக்கு இல்லை, பிரேஸ் வந்த அன்று அதைக் கையில் வாங்கியதும் எனக்கு ஏன் உறுத்தியது என்று புரிவதற்காக. எங்கள் தொழிலில் லாஸ்ட் என்கிற கட்டைதான் எல்லாம், காலின் வடிவம் கட்டையில் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தோல் போட்டாலும் ஷூ கடிக்கும். வந்த பிரேஸை மேசையில் வைத்துப் பார்த்தால் இடது பக்கமும் வலது பக்கமும் அச்சு அசலாக ஒன்று. ஒரு பக்கமாக வளைந்த உடம்புக்கு எப்படி ரெண்டு பக்கமும் சமமாக ஒரு கூடு வரும்? உள்ளே ஒட்டியிருந்த ஃபோமும் எல்லா இடத்திலும் ஒரே கனம். நாலு மில்லி கனத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக், முன்னால் திறப்பு, மூன்று வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான்.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ரெடிமேட் கூட்டை வைத்துச் செய்வதே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பிரேஸ் என்று ஒன்று 1970-களில் வந்தது, அதே முறையில் தயார் கூட்டை எடுத்து, எக்ஸ்ரேயைப் பார்த்து, தேவையான இடத்தில் உள்ளே பேட் ஒட்டி, எதிர்ப்பக்கம் வெட்டித் திறந்து கொடுப்பார்கள். அது முறையான வேலை. எங்களுக்குக் கொடுத்ததில் பேட்டும் இல்லை, எதிர்ப்பக்கத் திறப்பும் இல்லை, ஆனால் விலை மட்டும் தனியாக அச்சு எடுத்துச் செய்ததற்கான விலை.

போட்ட முதல் நாளே "மூச்சு முட்டுது மாமா" என்றாள். உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் இடித்து மொத்தக் கூடும் மேலே ஏறி அக்குளில் குத்தியது. இடுப்பு எலும்பு முனையில் தோல் உரிந்துவிட்டது. கடைக்குத் திரும்பப் போனால், "டைட்டா இருந்தாத்தான் சார் எலும்பு நிமிரும், சின்னப் பொண்ணுதானே, பழகிடும்" என்று ஒரே பாட்டு. கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு ஹீட் கன் வைத்து விளிம்பை வெளியே வளைத்தார். அப்போதும் வலிக்கிறது என்றதும் அக்குள் பக்கத்தை ரம்பத்தில் நறுக்கிவிட்டார், அடுத்த தடவை கீழேயும் நறுக்கினார். ஒவ்வொரு முறையும் வலி குறைந்தது, அக்காவுக்கும் நிம்மதி. ஆனால் அங்கேதான் இருக்கிறது விஷயமே.

வளைந்த முதுகைப் பிரேஸ் பிடிப்பது மூன்று இடத்து அழுத்தத்தால். இவளுக்கு வலது பக்கம் வளைவு, அதனால் வலது விலாவில் ஒரு தள்ளல், அதற்கு எதிராக இடது அக்குளுக்குக் கீழே ஒன்று, இடது இடுப்பில் ஒன்று. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைந்த விசையில் வேலை நடக்கும். தள்ளப்பட்ட உடம்பு நகர்ந்து போக எதிரே காலி இடமும் வேண்டும், அது இல்லாமல் சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கினால் வயிறும் நெஞ்சும் நசுங்குமே தவிர முதுகெலும்பு இருந்த இடத்தில்தான் இருக்கும். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அவர் நறுக்க நறுக்க, பிடிமானம் போய், கடைசியில் அது வெயிலில் வேர்க்க வைக்கிற ஒரு வயிற்றுப் பட்டையாக ஆகிவிட்டது. வலிக்கிற இடத்தையெல்லாம் வெட்டி எடுப்பதா சரிசெய்வது? அழுத்தம் வேண்டிய இடத்தில் அதைப் பரப்பிக் கொடுக்கணும், எலும்பு முனை இருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் தொடவே கூடாது. வேலூர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வராமல் இருக்க, அழுத்தத்தைப் பரப்புகிற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பை டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயாளிகளுக்காகச் செய்து பார்த்த ஊர் இது. 1954-ல் விபத்தில் நடக்க முடியாமல் போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பியதும் இங்கேதான். அந்த நல்ல பெயரை நம்பித்தான் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள், அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தக் கடைகளும் பிழைக்கின்றன.

பிரேஸோடு எக்ஸ்ரே எடுத்தோம். 29 டிகிரி. அக்கா ரெண்டு டிகிரி குறைந்திருக்கிறதே என்று முகம் மலர்ந்தாள், டாக்டர் இல்லை என்று தலையசைத்தார். ஒரே படத்தை ரெண்டு பேர் அளந்தாலே ஐந்து டிகிரி வரை வித்தியாசம் வரும், அதனால் இது குறைந்ததாகவே கணக்கில்லை, நல்ல பிரேஸ் என்றால் போட்டிருக்கும்போது வளைவு பாதிக்குப் பாதி குறைந்து தெரியணும் என்று சொல்லிவிட்டு, பிரேஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை யார் செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி நான் உள் ஃபோமின் ஓரத்தை உரித்துப் பார்த்தேன், ஒட்டின பசையைப் பார்த்தாலே புதிதா பழசா என்று எங்களுக்குத் தெரியும். அடியில் 'மீடியம்' என்று சைஸ் ஸ்டிக்கர் ஒன்று, வேறு இடத்தில் ரிவெட் அடித்து எடுத்து அடைத்த ஓட்டைகள். பெங்களூர் கம்ப்யூட்டர் டிசைன்.

இப்போது போட்டிருப்பது டாக்டரே அனுப்பிய வேறோர் இடத்தில் செய்தது. அங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும். முதலில் எக்ஸ்ரேயைப் பெட்டி வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் கோடு போட்டு, எந்த எலும்பில் வளைவு உச்சம் என்று பார்த்தார்கள். மெல்லிய பனியன் துணிக் குழாயை உடம்பில் மாட்டி, இடுப்பு எலும்பு, விலா, அக்குள் எல்லாவற்றையும் அழியாத பென்சிலில் குறித்து, பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்க, மேலே மாவுக்கட்டுத் துணி சுற்றி அச்சு எடுத்தார்கள். அச்சில் மாவை ஊற்றி உடம்பு உருவத்தை வார்த்து, அழுத்தம் வேண்டிய இடத்தில் சுரண்டி எடுத்தும், அழுத்தம் கூடாத இடத்தில் மாவு பூசியும் திருத்தினார்கள், நேரம் பிடிக்கிற வேலை, பிரேஸின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். பிறகு பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் சூடாக்கி, உருவத்தின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சிப் படிய வைத்தார்கள். சில இடங்களில் கையடக்கக் கருவியால் உடம்பை ஸ்கேன் செய்தும் எடுக்கிறார்கள், அதுவும் சரிதான். ரெண்டில் ஒன்று கட்டாயம் நடக்கணும். இஞ்ச் டேப் மட்டும் போதாது.

முழுசாக முடிப்பதற்கு முன்னால் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவளைப் பள்ளி பெஞ்ச் உயரத்தில் உட்கார வைத்து, தொடைக்கும் விளிம்புக்கும் நடுவில் ரெண்டு விரல் போகிறதா என்று பார்த்து அப்புறம்தான் வெட்டினார்கள். இடது பக்கம் பெரிதாக ஒரு ஜன்னல், ஆழமாக மூச்சு இழுத்தால் நெஞ்சு அந்தப் பக்கம் விரிகிறது. தையல் உள்பக்கம் இல்லாத பருத்தி பனியன் போட்டு அதற்கு மேலே பிரேஸ், அதை நாளுக்கு ரெண்டு தடவை மாற்றணும், நம் ஊர் கத்திரி வெயிலுக்கு மூன்றும் ஆகும். கழற்றிய பிறகு தோல் சிவந்திருந்தால் அரை மணி நேரத்தில் மறையணும், மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தக் கொண்டுபோகணும், பவுடரோ க்ரீமோ பூசிச் சமாளிக்கக் கூடாது. முதல் நாளே 18 மணி நேரம் போடச் சொல்லவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். இந்த பிரேஸோடு எடுத்த படத்தில் 17 டிகிரி.

வலித்தால் பிள்ளை போடமாட்டாள், போடாவிட்டால் எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும் அது பீரோ மேல்தான் கிடக்கும். 2013-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வு வெளியானது, அதில் பிரேஸ் போட்ட பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சி முடிந்தது, போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் 48 சதவீதம். தினமும் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் அது 90-ஐத் தாண்டியது. எங்கள் பிள்ளை வளர்கிற வயதில் சில மாதங்கள் வீணாகப் போயிற்று, 22,000-ஐவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

பணம் திரும்பக் கேட்டபோது "ஆர்டர் குடுத்து செஞ்ச ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். கையில் இருந்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு, ஜி.எஸ்.டி. எண் இல்லை, செய்தவர் பெயர் இல்லை. பிரேஸ் செய்கிறவர் ஆர்த்தோட்டிஸ்ட், அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், 1992-லேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டபோது வெள்ளைக் கோட்டுக்காரர், "அவர் லீவு சார்" என்றார். யார் லீவு என்று இன்று வரை தெரியவில்லை. நீங்கள் கேட்க வேண்டியதை முதலிலேயே கேளுங்கள்: பதிவு எண், முறையான பில், அதில் அச்சு எடுத்துச் செய்ததா தயார் கூட்டில் செய்ததா என்ற குறிப்பு, எக்ஸ்ரேயில் சரியாக வராவிட்டால் கூடுதல் பணம் இல்லாமல் திருத்தித் தருவார்களா என்பது. பாதிப் பணம் ஆர்டருக்கு, மீதி போட்டுப் பார்த்த பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடை வேண்டாம்.

இப்போது நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. 2019 சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குள் போடணும், ஐந்து லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வாங்கிய ஊரில்தான் போடணும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது முக்கியம், ஊருக்குப் போய்விட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் கடைக்காரர்கள் பேசுகிறார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறோம் என்று தெரிந்ததும் கடையிலிருந்து போன் வந்தது, பழைய பிரேஸைக் கொண்டுவந்து கொடுத்தால் பாதிப் பணம் தருகிறார்களாம். கொடுக்கவில்லை. ஸ்டிக்கரும் ஓட்டையும் அதில்தானே இருக்கிறது. உங்களிடமும் இப்படி ஒன்று கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உள் ஃபோமை ஓரத்தில் லேசாக உரித்துப் பார்த்து போட்டோ எடுத்து வையுங்கள்.