கீமோ போர்ட் ரிவ்யூ: அம்மாவுக்கு வச்சிருக்கோம், யோசிச்சிட்டு இருக்குறவங்க படிங்க

கீமோ போர்ட்டுன்னா கீமோ மருந்து ஏத்துறதுக்கு நெஞ்சுல தோலுக்கு அடியில வைக்கிற ஒரு சின்ன டப்பா, அதுல இருந்து ஒரு ட்யூப் பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும். அம்மாவுக்கு மார்பக கேன்சர். இடது பக்கம் ஆபரேஷன் முடிஞ்சு அக்குள்ல இருந்த நிணநீர் கணுக்களையும் எடுத்துட்டாங்க, அதனால அந்தக் கையில ஊசி போடக் கூடாது பிபி கூட பார்க்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மிச்சம் வலது கை மட்டும்தான். கீமோவுல ஏசின்னு ரெண்டு மருந்து சேந்தது 21 நாளைக்கு ஒன்னா 4 தடவை, அப்புறம் வாராவாரம் பாக்லிடாக்ஸல்ங்கிற மருந்து 12 தடவை. நடுவுல ரத்தப் பரிசோதனை வேற. சுகர் இருக்குற உடம்பு, நரம்பு நூல் மாதிரி. முதல் கீமோவுக்கே வென்ஃப்ளான், அதான் மருந்து ஏத்த கையில குத்தி வைக்கிற சின்ன குழாய், அதப் போட நர்ஸ் அவ்ளோ கஷ்டப்பட்டாங்க, கை பூரா நீலம் பாரிச்சிருச்சு. அடுத்த சைக்கிளுக்குள்ள போர்ட்டா, இல்ல பிக் லைனா (கை நரம்பு வழியா உள்ள விடுற நீளமான குழாய்) முடிவு பண்ணிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு.

வீட்ல பெரிய பேச்சு. இப்பதான ஒரு ஆபரேஷன் ஆச்சு, மறுபடி கத்தியா, கையிலயே சமாளிச்சிரலாம்னு அண்ணன். அப்பாவுக்கு செலவு கவலை, வெளிய சொல்லல. நர்ஸா இருக்குற சித்திதான் ஏசில இருக்குற சிவப்பு மருந்தப் பத்தி சொன்னாங்க, டாக்ஸோரூபிசின், அது நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா தோலையும் சதையையும் புண்ணாக்கிரும், ஆறவே மாசக்கணக்காகலாம், சின்ன நரம்புல அதக் குடுக்குறது ரிஸ்க்குன்னு. அத்தனை பேரும் பேசி முடிச்சப்புறம் அம்மா ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க, எதுல தலைக்கு ஊத்திக் குளிக்கலாம்? பிக் லைன்ல கையில இருந்து குழாய் வெளிய தொங்கும், தண்ணி படக் கூடாது, வாரம் ஒருக்கா டிரெஸ்ஸிங் மாத்தணும். போர்ட் தோலுக்கு அடியில இருக்கும், தையல் ஆறிட்டா குளிக்கலாம். அப்ப போர்ட்டுன்னு சொல்லிட்டாங்க. உடம்பு அவங்களோடது, அதுக்கு மேல நாங்க யாரும் பேசல.

வைக்கிறதுக்கு மரக்கிற ஊசி மட்டும்தான், மயக்கம் குடுக்கல. காறை எலும்புக்குக் கீழ ஒரு சின்ன வெட்டு, கழுத்துல இன்னொன்னு, இதயத்துக்குப் பக்கத்துல இருக்குற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் ட்யூப் போகுது, சரியான இடத்துல இருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. கொஞ்ச நாளைக்கு கழுத்து திருப்ப வலி, அந்தப் பக்கம் படுக்க முடியல. இப்ப ஒரு பட்டன் அளவுக்கு மேடா தெரியுது, சேலைக்குள்ள மறைஞ்சிரும்.

கீமோ அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மரக்கிற க்ரீம் தடவிட்டுப் போனா ஊசி குத்துறதே பெருசா தெரியல. நர்ஸ் முதல்ல ரத்தம் திரும்பி வருதான்னு இழுத்துப் பாத்துட்டுதான் மருந்து விடுறாங்க. காலைல கீமோன்னா முந்தின நாள் ராத்திரியே கையத் தடவிப் பாத்துட்டு உக்காந்திருந்த அம்மா இப்ப தூங்குறாங்க. எனக்கு இது ஒன்னு போதும்.

குறை இல்லாம இல்ல. போர்ட்டுக்குன்னே தனி ஊசி, ஹ்யூபர் ஊசின்னு பேரு, சாதா ஊசி போட்டா மேல இருக்குற ரப்பர் மூடி கிழிஞ்சிரும். எங்க ஊர் லேப்ல யாருக்கும் போர்ட் பழக்கமில்ல, அதனால கீமோ இல்லாத நாள்ல ரத்தம் எடுக்கணும்னா கையிலதான் குத்துறாங்க. சிகிச்சை முடிஞ்சாலும் போர்ட் உள்ள இருக்குற வரைக்கும் அடைச்சிக்காம இருக்க ஃப்ளஷ் பண்ணணும், அதாவது மருந்து விட்டு ட்யூப்பக் கழுவணும், எங்க டாக்டர் ரத்தம் உறையாம தடுக்குற ஹெப்பரின் போட்டு 4 வாரத்துக்கு ஒருக்கா பண்ணச் சொல்லியிருக்காரு, அதுக்கு ஊர்ல இருந்து பஸ் பிடிச்சு வரணும். இன்ஃபெக்ஷன் பயமும் இருக்கு. 100.4க்கு மேல காய்ச்சல், குளிர் நடுக்கம், அதுவும் ஃப்ளஷ் பண்ண உடனே நடுக்கம் வந்தா விடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கழுத்தோ கையோ வீங்கினாலும் அப்படித்தான், ரத்தம் கட்டியிருக்கலாம்.

செலவு பிக் லைனை விட கூடத்தான். ஆனா எல்லாத்துக்கும் சேத்து எவ்வளவுன்னு முன்னாடியே எழுதி வாங்கிருங்க, போர்ட் விலை, வைக்கிற செலவு, ஒவ்வொரு தடவையும் ஊசிக்கு, பின்னாடி எடுக்குறதுக்கு, எல்லாமே தனித்தனி பில்லா வருது. சிடி ஸ்கேன் மருந்து வேகமா ஏத்தக்கூடிய பவர் போர்ட்டான்னும் கேளுங்க. போர்ட் விவரம் எழுதி கூட குடுக்குற அட்டைய தொலைக்காம பர்ஸ்ல வைங்க, எம்ஆர்ஐ எடுக்கப் போனா முதல்ல அதத்தான் கேக்குறாங்க.

நல்ல நரம்பு இருந்து நாலஞ்சு கீமோதான்னா இது தேவையில்லாமலும் போகலாம், டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க. எங்க அம்மா மாதிரி ஒரே கை, நீண்ட கோர்ஸ், சிவப்பு மருந்துன்னா முதல் கீமோவுக்கு முன்னாடியே போர்ட் பேச்ச எடுத்துருங்க.

ஏசி முடிஞ்சு இப்ப பாக்லிடாக்ஸல் போயிட்டு இருக்கு. இதுவரைக்கும் அடைப்பு இல்ல, காய்ச்சல் இல்ல. அஞ்சுக்கு நாலரை ஸ்டார் குடுக்குறேன், அந்த அரை இனிமே ஃப்ளஷ்ஷுக்கு அலையப் போற அலைச்சலுக்கு.