ஏற்காட்டில் ஒரு தோட்டத்து விடுதி: வெயிலில் ஏறி மழையில் இறங்கிய அனுபவம்

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்பது காலையில் போய் மாலையில் திரும்பும் இடம். அங்கே அறை எடுத்துத் தங்குவதாகச் சொன்னால் வீண் செலவு என்பார்கள். ஆயினும் கடந்த அக்டோபரில் ஒரு சனி, ஞாயிறு, நண்பர்கள் ஐவர் காப்பித் தோட்டத்துக்குள் அமைந்த சிறு விடுதி ஒன்றில் இரண்டு அறைகள் எடுத்தோம். காலை உணவு உட்பட அறை ஒன்றுக்கு 3,500 ரூபாய்.

கைபேசி சேலத்துக்கு வெயில் என்று காட்டியதை நம்பிப் புறப்பட்டது எங்கள் தவறு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கீழே உள்ள கணக்கு செல்லாது. மூடுபனி என்று நாம் சொல்வது அங்கே பெரும்பாலும் மலைமேல் வந்து உட்காரும் மேகந்தான். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் நல்ல வெயிலில் ஏறினோம். மூன்றரை மணிக்குப் பகோடா பாயிண்டில் நின்றபோது எதிரே பள்ளத்தாக்கும் இல்லை, பக்கத்தில் நின்ற நண்பனும் இல்லை. ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

தொப்பலாக நனைந்து வந்த எங்களை விடுதியில் சமைக்கும் அம்மா பார்த்துக்கொண்ட விதத்துக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மின்சாரம் போயிருந்தது. அவர் அடுப்பிலிருந்து தணலை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டு, குழந்தைக்குச் சாம்பிராணி போடும் மூங்கில் கூடையை அதன்மேல் கவிழ்த்து, எங்கள் காலுறைகளையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாக விரித்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். “சளி புடிச்சுக்கும், மொதல்ல தலைய தொவட்டுங்க சாமி” என்று அதட்டி, மிளகு தூக்கலாக ஒரு ரசத்தையும் கொடுத்தார். அந்த மிளகு, வாசலில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த கொடியில் பறித்தது.

நிர்வாகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. இரவில் தீ மூட்டி உட்காருவதற்கென்று 800 ரூபாயை முன்னதாகவே வாங்கிக்கொண்டவர்கள், மழையால் அது நடக்காதபோது, வானத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கூறித் திருப்பித்தர மறுத்தனர். மழை வந்து கெடுத்தால் பணம் என்னவாகும் என்பதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். காலையில் தந்த காப்பி அதைவிட மோசம்: 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பி பயிரிட்ட மலையில், பழுக்கத் தொடங்கிய காப்பிச் செடிகளுக்கு நடுவே உட்காரவைத்து, இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கித் தருவதை என்னால் மன்னிக்க இயலவில்லை.

ஞாயிறு காலை நாற்பது நிமிடம் வானம் திறந்தது. ஏரி நிரம்பி வழியும் நீர் சேருமிடம் என்பதால் கிள்ளியூர் அருவியைப் பார்த்தே தீரவேண்டும் என்று இருவர் துடித்தார்கள். படிகள் வழுக்கும் என்று காவலாளி தடுத்தார். பாதி வழியிலேயே மீண்டும் மழை பிடித்ததால், அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பியது நல்லதாயிற்று.

மழைக்காலத்தில் போகிறவர்கள் தீ மூட்டுவதற்கான பணத்தை அன்று மாலை வானத்தைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். அறை கேட்கும்போது கீழ்த்தளத்தைக் கேட்டு வாங்குங்கள். மாடியில் தகரக் கூரைமேல் மழை அடித்த சத்தத்தில் எங்களில் மூவர் விடியும்வரை கண் மூடவில்லை.