பலகை அறுக்கச் சிறிய பேட்டரி ரம்பம்: 85 மி.மீ.யா, 165 மி.மீ.யா?

பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு (மரச்சில்லை அழுத்திய பலகை) மாதிரியான பலகைகளை அறுக்க ஒரு சிறிய பேட்டரி சர்க்குலர் சா, அதாவது வட்ட ரம்பம் தேடினால், கடைசியில் இரண்டு வகைதான் எதிரெதிரே நிற்கும். ஒன்று, 12 வோல்ட் வகுப்பில் 85 மி.மீ. பிளேடு மாட்டும் கைக்கடக்கமான ரம்பம். பாஷ் ஜி.கே.எஸ். 12வி-26, மக்கிட்டா எச்.எஸ்.301டி போன்றவை இதில் சேரும். மற்றது 18 வோல்ட்டில் 165 மி.மீ. பிளேடு மாட்டுவது. மக்கிட்டா டி.எச்.எஸ்.680, டிவால்ட் டி.சி.எஸ்.391 வகையறா. இரண்டு வகையிலும் பலகை அறுத்துப் பார்த்துவிட்டு நான் 165 பக்கம் போனேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். எடையில் சின்னது ஜெயிக்கும்: ஒன்றரைக் கிலோ அளவுதான். பெரியது பேட்டரியோடு மூன்று கிலோவைத் தாண்டும். பேட்டரியில் பெரியது ஜெயிக்கும்: 12 வோல்ட் என்று விற்கும் பேட்டரி உண்மையில் 10.8 வோல்ட்தான்; அதில் 4 ஆம்பியர்-மணி என்றால் 43 வாட்-மணி இருக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணியில் 90. ஏற்கெனவே ஒரு கம்பெனியின் டிரில்லும் சார்ஜரும் கையில் இருந்தால் அதே பேட்டரி பொருந்துகிற ரம்பத்தைப் பார்ப்பதே நியாயம்.

அறுக்கும் ஆழத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பாஷின் 85 மி.மீ. ரம்பம் நேர் வெட்டில் 26.5 மி.மீ. இறங்கும். 18 மி.மீ. பிளைவுட்டுக்கு அது தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் ரம்பத்தை கைடு ரெயிலின் (வெட்டு நேராகப் போகப் பலகை மேல் வைக்கும் நீளச் சட்டம்) மேல் வைத்து ஓட்டினால் ரெயிலின் கனமே சுமார் 5 மி.மீ.யைத் தின்றுவிடும். பலகையின் அடியில் பல் கொஞ்சம் வெளியே தெரியவும் வேண்டும். மிச்சம் அநேகமாக ஒன்றும் இல்லை. 45 பாகை சாய்வில் அதே ரம்பத்தின் ஆழம் 17 மி.மீ.தான். 18 மி.மீ. பலகையைச் சாய்த்து அறுத்துப் பெட்டியின் மூலையை மடக்கிச் சேர்க்க நினைப்பவருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் போதாமல் போகும். டி.எச்.எஸ்.680-இல் நேர் ஆழம் 57 மி.மீ.; ரெயில், சாய்வு எதுவும் பிரச்சினையே இல்லை.

ஆனால் என்னை 165-க்குத் தள்ளியது ஆழமோ மோட்டாரோ இல்லை, பிளேடு. பலகை வேலையில் விளிம்பு சுத்தமாக வருகிறதா, சிலாம்பு பெயர்கிறதா என்பதை முடிவு செய்வது பிளேடின் பற்களும் அவை ஓடும் வேகமும்தான். பாஷின் சின்ன ரம்பம் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 1400 சுற்று ஓடும், டி.எச்.எஸ்.680 5000 சுற்று. பல்லின் நுனி வேகத்தைக் கணக்கிட்டால் முன்னதில் நொடிக்கு 6 மீட்டர், பின்னதில் 43 மீட்டர். சின்னதில் 20 பல் பிளேடும் பெரியதில் 48 பல் பிளேடும் மாட்டியதாக வைத்துக்கொள்வோம். ஒரு நொடிக்கு முன்னதில் சுமார் 467 பல் மரத்தைச் சுரண்டும், பின்னதில் 4000. அதாவது இரண்டையும் ஒரே வேகத்தில் தள்ளினால், சின்ன ரம்பத்தின் ஒவ்வொரு பல்லும் எட்டு மடங்குக்கு மேல் தடிமனான சீவலைப் பிடுங்கி எடுக்கும். 8 அடி நீளப் பலகையை ஒரு நிமிடத்தில் அறுத்தால் சின்னதில் சீவல் 0.09 மி.மீ., பெரியதில் 0.01. சுமை ஏறும்போது இரண்டிலும் சுற்று குறையும், ஆனாலும் இடைவெளி மாயமாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 0.01 மி.மீ. என்பது ரொம்பவே மெல்லிசு; பல் வெட்டாமல் தேய்த்து விளிம்பைக் கருக்கிவிடும். ஆகவே 48 பல் பிளேடு மாட்டிய பெரிய ரம்பத்தைத் தயங்காமல் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போதுதான் அதன் விளிம்பு அழகாக வருகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது.

சிலாம்பு விஷயத்தில் வடிவக் கணக்கும் பெரிய பிளேடுக்குச் சாதகம். கையால் தள்ளும் சர்க்குலர் சாவில் பல் கீழிருந்து மேலே ஏறி வருவதால் பலகையின் மேல் முகத்தில்தான் தோல் பெயரும். ஆழத்தை 20 மி.மீ.க்கு வைத்தால் 85 பிளேடின் பல் மேல் முகத்தை விட்டு வெளியேறும் கோணம் சுமார் 58 பாகை, 165-இல் 41. கோணம் படுக்கையாக இருந்தால் இழைகள் தூக்கப்படாமல் அறுபடும். ஆனால் பெரிய ரம்பத்தை முழு ஆழத்தில் வைத்து ஓட்டினால் அந்தக் கோணம் 70 பாகையைத் தாண்டி, சாதகம் முழுக்கத் தலைகீழாகும். பலகை கனத்துக்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். நல்ல முகத்தைக் கீழே வையுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. எம்.டி.எஃப்.இல் இருக்கும் பசையும், பார்ட்டிகிள் போர்டில் கலந்து வரும் மணல் துகளும் பிளேடின் கார்பைடு (கடின உலோகக் கலவை) பல்லைச் சீக்கிரம் மழுக்கும். 48 பல் பகிர்ந்துகொள்ளும் தேய்மானத்தை 20 பல் மட்டும் சுமந்தால் என்னாகும்? ஒரே தடிமனில் சீவினாலும், ஒவ்வொரு பல்லும் மரத்துக்குள் ஓடும் தூரம் சின்ன பிளேடில் ஒன்றே முக்கால் மடங்கு வருகிறது. மழுங்கிய பிறகு சாணை பிடிக்கலாம் என்றால், 85 பிளேடின் பல் அகலமே 1.1 மி.மீ.தான்; தீட்டித் தேய்க்க அதில் கார்பைடு இல்லை. அநேகமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும். 165 பிளேடை நல்ல சாணைக்காரர் பலமுறை மீட்டுத் தருவார். தேர்வும் அதில்தான் அதிகம். நடுவில் 20 மி.மீ. துளையுள்ள 165 பிளேடு 24 பல்லிலிருந்து 50 தாண்டிய பல் வரை, லேமினேட்டுக்கென்று தட்டையும் சரிவும் மாறி மாறி வரும் பல்லோடு, பல கம்பெனிகளில் கிடைக்கிறது. 15 மி.மீ. துளையுள்ள 85-இல் கிடைப்பதை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்னைப் பொறுத்தவரை முடிவு இந்த இடத்திலேயே ஆகிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில், மில்வாக்கியின் 12 வோல்ட் வரிசையான எம்12-இல் 140 மி.மீ. பிளேடு வகை ஒன்று இருக்கிறது. 44 மி.மீ. ஆழம், துளையும் 20 மி.மீ. காகிதத்தில் பார்த்தால் சமரசமாகப் படுகிறது. இரவல் வாங்கிக் கொஞ்சம் பிளைவுட் அறுத்ததோடு சரி. கையில் இலகுவாக இருந்தது, நீண்ட வெட்டில் அதன் பேட்டரி எப்படித் தாங்கும் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு நான் உழைக்கவில்லை. ஃபெஸ்டூல் டி.எஸ்.சி. 55 போன்ற பிளஞ்ச் சா (பிளேடை மேலிருந்து பலகைக்குள் அழுத்தி இறக்கும் ரம்பம்) நாள் முழுக்கப் பலகை அறுப்பவருக்கு. ரெயிலோடு பிறந்த கருவி அது, இந்தப் போட்டிக்குள் வராது.

எதை வாங்கினாலும் பலகையைத் தரையில் ஒரு தடித்த தெர்மாகோல் ஷீட்டின் மேல் படுக்க வைத்து அறுங்கள். இரு பக்கமும் தாங்கல் இருந்தால் வெட்டு மூடிப் பிளேடைக் கவ்வாது, ரம்பம் பின்னால் உதைக்காது. தூசுக் குழாயில் வேக்குவம் மாட்டுங்கள், முகக்கவசமும் வேண்டும். மரத்தூளைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. வேகமாகச் சுற்றும் 165, எம்.டி.எஃப்.பை அறுக்கும்போது நிறையவே பொடி கிளப்பும்.

சின்ன ரம்பத்துக்கும் அதற்கே உரிய வேலை இருக்கிறது. ஏற்கெனவே பொருத்திய அலமாரியின் பின்பலகை, சுவரில் நிற்கும் பேனல், 6 மி.மீ. பிளைவுட் ஆகியவற்றுக்கு மூன்று கிலோ ரம்பத்தைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் இப்படித்தான் என்றால் 85-ஐயே வாங்குங்கள். வாங்கும்போதே உதிரி பிளேடு இரண்டு சேர்த்து எடுத்துவிடுங்கள்.