தறிக்குடோன் கூரைக்கு வெள்ளைப் பூச்சு: ஓராண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பல்லடத்துக்கு அருகே உள்ள எங்கள் தறிக்குடோனின் சிமென்ட் அட்டைக் கூரைக்குச் சென்ற ஆண்டு பங்குனியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். ஒரு கோடை, ஒரு மழைக்காலம், மீண்டும் ஒரு கோடையின் தொடக்கம் என்று பார்த்துவிட்ட பிறகு, வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கடையில் நான் பார்த்த எல்லா வாளிகளிலும் ஏறத்தாழ ஒரே வாசகங்கள்தான் இருந்தன.

20 லிட்டர் வாளி ஒன்று 4,500 ரூபாய். இரண்டு கோட்டிங்குக்கு ஒரு வாளி 500 சதுர அடி வரும் என்றார் கடைக்காரர். எங்கள் அட்டை பழையது, நிறைய உறிஞ்சியது. 400 சதுர அடிதான் வந்தது. 1,600 சதுர அடிக்கு நான்கு வாளிகள், அதற்கு மேல் பிரைமரும் ஆள் கூலியும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டித் தேய்க்கவே கூடாது, அந்த நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, மெல்லிய துடைப்பத்தால் கழுவிக் காயவிட்டுத்தான் பூச வேண்டும். வாளியில் இந்த எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

பலன் உண்டா என்றால், உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு அட்டையின் அடிப்பக்கத்தை வெப்பமானித் துப்பாக்கியால் அளந்தபோது, பூசுவதற்கு முன் 57 டிகிரி காட்டிய இடம் பூசிய பின் 45 காட்டியது. தறிகளுக்கு நடுவே மனிதர் நிற்கும் உயரத்தில் வித்தியாசம் மூன்று டிகிரிக்குள்தான். தறி மோட்டார்களின் சூட்டை எந்தப் பூச்சும் குறைக்காது. ஆனாலும் அந்த மூன்று டிகிரியை உள்ளே நிற்பவர் உடனே உணர்கிறார். பாவு நூல் அறுபடுவதும் சற்றுக் குறைந்தது, சூடு தணிந்தால் காற்றில் ஈரப்பதம் கொஞ்சம் தங்கும் என்பதால் இருக்கலாம். எங்கள் தாத்தா காலத்தில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இதே கணக்குத்தான். அது ஐப்பசி மழையில் கரைந்துபோகும், இது கரையவில்லை.

கரையவில்லையே தவிர, அழுக்கேறியது. வாளியில் அச்சிட்டிருக்கும் எஸ்.ஆர்.ஐ. என்பது வெயிலில் சூடேறாமல் இருக்கும் திறனைக் கருப்புக்குச் சுழியம், வெள்ளைக்கு நூறு என்று வைத்துக் கணக்கிடும் எண். புதிதாய்ப் பூசிய அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கும். தை மாதத்துக்குள் பஞ்சுத் தூசியும் சாலைப் புழுதியும் படிந்து கூரை மண்நிறமாகிவிட்டது, அடிப்பக்கத்தை அளந்தால் 50 டிகிரி. கழுவிய பின் 46க்கு வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை கழுவும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி, வாளியோடு கொடுத்த துண்டுப் பிரசுரத்துக்கு வருகிறேன். இந்தப் பூச்சை அடிப்பவர் பூமியையே குளிர்விக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. தொழில்நுட்பத்தால் புவியின் சூட்டைத் தணிக்கும் வழிகளை லண்டன் ராயல் சொசைட்டி 2009இல் ஓர் அறிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டுக் கூரைகளை வெள்ளையாக்குவதை, உலக அளவில் மிகக் குறைந்த பலனும் மிக அதிகச் செலவும் உடைய வழிகளுள் ஒன்றாகவே அது வைத்தது. கூரைக்கு அடியில் இருப்பவருக்கு நல்லது, உலகத்துக்குச் சொல்லும்படி ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். விற்பவர் முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.

உலக அளவில் பலன் தரக்கூடியது என்று அறிவியலாளர்கள் பேசுவது வேறொரு பூச்சை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து, 15 முதல் 20 மில்லியன் டன் வரை கந்தக டை ஆக்சைடை மேல்வளிமண்டலத்தில் தள்ளியது. அது அங்கே நுண்துகள்களாகி வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்பியது. அடுத்த ஓராண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி இறங்கியது. ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன், கரிம வாயுவைக் குறைப்பதில் உலகம் தோற்றுக்கொண்டிருப்பதால் இதை மனிதரே செய்வது பற்றி ஆராயவாவது வேண்டும் என்று 2006இல் எழுதினார். இந்த நம்பிக்கையை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஓரிரு ஆண்டுக்குள் சூட்டைக் குறைக்கும் வழி வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, வெயிலில் நின்று உழைப்பவருக்கு அரை டிகிரி என்பது சின்ன விஷயமுமல்ல.

ஆனால் என் கூரை அழுக்கேறுவதுபோல அந்தத் துகள்களும் ஓரிரு ஆண்டில் கீழே இறங்கிவிடும். ஓயாமல் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கழுவ மறந்தால் பழைய சூடு திரும்பும், அவ்வளவுதான். மேலே தூவுவதைப் பல ஆண்டு செய்துவிட்டுத் திடீரென நிறுத்தினாலோ, அதற்குள் காற்றில் சேர்ந்திருக்கும் கரிம வாயு அத்தனைக்குமான சூடு சில ஆண்டுகளுக்குள் மொத்தமாக வந்து இறங்கும். அந்த வாயுவால் கடல் புளிப்பேறுவதையும் இந்த வழி தடுப்பதில்லை.

இதையும் ஏற்கெனவே விற்கிறார்கள். மேக் சன்செட்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 2022இல் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கந்தக டை ஆக்சைடு நிரப்பிய பலூன்களைப் பறக்கவிட்டது. குளிர்ச்சிக்கு இத்தனை டாலர் என்று சான்றிதழும் விற்கத் தொடங்கியது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் சுவீடனின் கிருனாவில் திட்டமிட்டிருந்த பலூன் ஒத்திகை, அதில் துகள் எதையும் தூவாதபோதும், அங்குள்ள சாமி பழங்குடியினரின் எதிர்ப்பால் நின்றது. 2024இல் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அந்த எதிர்ப்பின் நியாயம் எனக்குப் புரிந்தது பக்கத்து வீட்டு அக்காவால்தான். பூசிய மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "ஏனுங்க தம்பி, உங்க கூரையில அடிக்கிற வெளிச்சத்துல எங்க ஊட்டு மாடியில கண்ணத் தொறக்க முடியலீங்க" என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். எங்கள் சூடு அவர் சன்னலுக்குக் குடிபோயிருந்தது. அவர் வந்து கேட்டார், நான் பதில் சொன்னேன். மேல்வளிமண்டலத்தில் தூவுகிறவரிடம் யார் போய்க் கேட்பது? சிறுவாணியும் ஆழியாறும் பவானியும் தென்மேற்குப் பருவமழையை நம்பி ஓடுகிறவை, பி.ஏ.பி. என்னும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்ட வாய்க்காலில் நம் மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்பதும் அந்த மழையைப் பொறுத்தது. வெயிலைக் குறைத்தால் உலகின் சராசரி மழையும் குறையும் என்றே கணினி மாதிரிகள் காட்டுகின்றன. வடகோளத்தில் மட்டும் தூவினால் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறளும் என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நமக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போகவில்லை. மழையை மறைக்கும் மலைக்கு இந்தப் பக்கம் வாழ்கிற நாம் அதைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக இருக்க முடியாது.

பூச்சுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சிமென்ட் அட்டைக் கூரை வைத்திருப்பவர் வாங்கலாம். வாங்கும்போது பளபளப்பில்லாத மேட் வகையைக் கேளுங்கள், மாடி வீடு எதிரே இருந்தால் பூசுவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அக்காவின் சன்னலை நோக்கிய இரண்டு வரிசை அட்டைகளின் மேல் நாங்கள் மறுபடியும் சாம்பல் நிறம் பூசிவிட்டோம். அதற்கு நேர் கீழே இருப்பது ஏழாம் நம்பர் தறி. அங்கே இப்போதும் 56 காட்டுகிறது, அதை ஓட்டுகிறவர் மட்டும் மதியத்துக்கு மேல் அடிக்கடி வாசலுக்கு வந்து நிற்கிறார். அந்த இடத்துக்குக் கூரைக்கு அடியில் தெர்மாகோல் அடிக்க விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.